கொண்டுவருபவரிடம் கொடுக்கவும்

ஆற்றுமேட்டு ரப்பர் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி ஆர்தருக்கு ஆண்டவர் மேல் இருந்த நம்பிக்கையைவிடத் தம் கையெழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை ஒரு பிடி கூடுதல்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போவார், முன்வரிசையில் உட்காருவார், அதெல்லாம் வேறு விஷயம். ஆனால் சுங்கை லாலாங் பக்கம் அந்த முந்நூறு குடும்பத்தில் எவனுக்கும் அவர் கையெழுத்து இல்லாமல் பொழுது விடியாது. பிள்ளைக்குக் காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு. கடையில் அரிசி வேண்டுமா? அதற்கொரு துண்டு. தோட்டத்து லாரியில் ஏறிப் பட்டணம் போக வேண்டுமா? அதற்கும் துண்டுதான். விரல் நீளக் காகிதத்தில் ‘கொண்டுவருபவரிடம் கொடுக்கவும்’ என்று ஒரு வரி, கீழே வால் சுழற்றிய ஒரு ஆர்தர், மேலே தோட்டத்து முத்திரை. கொண்டுவருவது யார் என்று கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான். பிச்சையம்மாளின் அரிசியை அவள் கொழுந்தன் வாங்கிப் போவான். இருளப்பனின் மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வருவாள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு துண்டாவது திரும்பி வந்தது கிடையாது.

அப்படிப்பட்ட மனிதருக்கு எண்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் ஒரு பேங்க் கார்டு கிடைத்தது. மானேஜர் சிபாரிசு செய்து கிடைத்தது. உலகம் முழுக்கச் செல்லும் என்று அதோடு வந்த சின்னப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தில் இன்னும் பதினெட்டுப் பக்கம் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதை யார் படிப்பது? கார்டில் அவர் பெயர் மேடுமேடாக எழும்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே பெயர் தெரியும். ஒரே ஒரு தடவைதான் அதை வெளியே எடுத்தார். மனைவி மரியாவைப் பினாங்குக்குக் கூட்டிப் போய், ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு நீட்டினார். ஹோட்டல்காரன் ஒரு இரும்புப் பெட்டியில் கார்டை வைத்து, மேலே கார்பன் காகிதம் வைத்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கறக்கென்று இழுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். அன்றைக்கு வந்த மிதப்பு அவருக்கு ஒரு மாதம் இறங்கவில்லை. துண்டுதானே இதுவும், கொஞ்சம் கெட்டியான துண்டு என்று மரியாவிடம் சொன்னார்.

மறு வருஷம் ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

பேசியது ஜரீனா. கரங்கானில் துணிக்கடை வைத்திருந்த ரஹ்மத் பாயின் மகள். ஆர்தரின் தங்கை மகள் கேதரினும் அவளும் கேன்சஸ் மாநிலத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒரே கல்லூரியில் படித்தார்கள், ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். பனி உறைந்த ரோட்டில் கார் சறுக்கி மரத்தில் மோதிவிட்டது. ஜரீனாவுக்குக் கையில் காயம். கேதரினுக்குத் தலையில். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து யாராவது சீக்கிரம் வந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார். தங்கை வீட்டில் தொலைபேசி இல்லை. ஆகவே இதெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்தது.

தங்கை பிரிஜெட் சுங்கை பட்டாணியில் இருந்தாள். அவள் புருஷன் ஏசுதாசனுக்கு ரப்பர் ஆலையில் பாய்லர் வேலை. அதிகம் பேசாத மனிதர். சேதியைக் கேட்டதும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுகொண்டார், அமெரிக்கா ஏதோ அடுத்த பஸ்ஸில் போய்ச் சேரும் இடம் மாதிரி. அவருக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை வரும். அதுவும் வெள்ளைக்காரத் துரை காலத்தில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது.

பிரிஜெட் நேரே அண்ணனிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க போயிட்டு வாங்க. இவருக்கு அங்க ஒன்னும் வெளங்காது. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு.”

“போவலாம்மா, நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? இங்க ஆடிட்டு நடக்குது. மானேஜர் ஒரு நாள்கூட லீவு குடுக்கமாட்டாரு.”

கேட்டுப் பார்த்தாரா? இல்லை. அந்தப் பேச்சையே மானேஜரிடம் எடுக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. இந்த எட்டு மாதமும் சத்தம் காட்டாமல் கழித்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது அவருக்கு உலகத்திலேயே பெரிய காரியம். ஆனால் தங்கை அழுதுகொண்டு நிற்கும்போது வெறும் கையை விரிக்க முடியுமா? சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார்.

“இந்தா, இத மாப்பிள்ளைகிட்ட குடுக்கறேன். இது கையில இருந்தா நானே கூடப் போற மாதிரி. போதுமா?”

பிரிஜெட் அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவி மனுஷனுக்கு அப்போது உள்ளுக்குள் இனித்தது.

கோலாலம்பூரில் விசாவுக்கு மூன்று நாள் போனது. பிரிஜெட்டின் நகையையும் மோட்டார் சைக்கிளையும் விற்று லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் டிக்கெட் எடுத்தார்கள். அங்கிருந்து கேன்சஸ் போகும் விமானத்துக்கு அங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும், அவசரத்தில் இங்கே உறுதி செய்ய முடியாது என்று ஏஜெண்டு சொல்லிவிட்டான். கார்டு இருக்கிறதே, கவலை என்ன!

கைச்செலவுக்குக் கொஞ்சம் டாலர் மாற்ற ஆர்தரும் ஏசுதாசனும் முகம்மது ஹனீபாவின் கடைக்குப் போனார்கள். சுங்கை பட்டாணியில் நாணயம் மாற்றும் கடை அது. ஆர்தர் கார்டை மேசையில் வைத்து, விஷயத்தைச் சொன்னார். ஹனீபா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கிராணி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது நீங்க போனாத்தானே செல்லும்? பேரு உங்க பேரு. கையெழுத்து உங்க கையெழுத்து. போறது இவரு.”

“அதுக்குத்தான் கடுதாசி குடுத்து அனுப்பறேன்ல, பாய்.”

“கடுதாசிய அமெரிக்காக்காரன் ஒத்துக்குவானா?”

“என்ன பாய் நீங்க! முப்பத்திரண்டு வருசமா என் கையெழுத்துல ஒரு தோட்டமே ஓடுது. இங்கிலீஷ்ல அடிச்சு, சீல் வெச்சுக் குடுக்கறேன். இங்கிலீஷ் அவன் பாசைதானே? படிச்சுப் பாத்துக்குவான்.”

ஹனீபா டாலரை எண்ணி நீட்டினார். தம் பங்காக இருபது டாலரைத் தனியே எடுத்து ஏசுதாசன் பையில் திணித்தார்.

அன்று மத்தியானம் ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆர்தர் தட்டச்சில் உட்கார்ந்தார். தோட்டத்துப் பெயர் அச்சடித்த நல்ல தாள். ‘இதைக் கொண்டுவரும் திரு. ஏசுதாசன் என் தங்கையின் கணவர். என் கார்டை என் சார்பாகப் பயன்படுத்த இவருக்கு அனுமதி அளித்திருக்கிறேன். தயவு செய்து வேண்டிய உதவிகளைச் செய்யவும்.’ கீழே வால் சுழற்றினார். முத்திரையை மையில் ஒற்றி, ஊதி, கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தினார். ஒன்று போதாது என்று தோன்றி இன்னொன்றும் குத்தினார்.

திங்கட்கிழமை ஏசுதாசனைப் பினாங்கு விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கோட்டு யாரிடமோ இரவல். தோளில் கொஞ்சம் தொங்கியது.

“மச்சான், பயமாத்தான் இருக்கு.”

“எதுக்குப் பயம்? கார்டை நீட்டுங்க, கடுதாசிய நீட்டுங்க. வாயத் தொறக்கவே வேணாம்லா. அவனே எல்லாம் பாத்துக்குவான்.”

ஏசுதாசன் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கடுதாசி இருந்த பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அமெரிக்காவில் அப்போது திங்கட்கிழமை மாலை. ஆபீசுத் தொலைபேசி மானேஜர் அறைக்கும் கிராணி மேசைக்கும் நடுவே, சுவரில் வெட்டிய ஜன்னல் திட்டில் இருக்கும். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். மானேஜர் உள்ளே ஆடிட்டுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஆர்தர் எடுத்தார்.

கோலாலம்பூரிலிருந்து பேங்க். ஒரு பெண் குரல், சுத்தமான ஆங்கிலம்.

“மிஸ்டர் ஆர்தர், உங்கள் கார்டு இப்போது உங்களிடம் இருக்கிறதா?”

“ஏன் கேட்கிறீர்கள்?” என்றார் ஆர்தர்.

“லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் ஒருவர் உங்கள் கார்டைக் கொடுத்து டிக்கெட் கேட்டிருக்கிறார். அவர் பாஸ்போர்ட்டில் வேறு பெயர். உங்கள் கம்பெனித் தாளில், கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறாராம். கவுண்டரில் சந்தேகப்பட்டு எங்களுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததா?”

“கொடுத்திருந்தால்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கார்டை இன்னொருவருக்குக் கொடுப்பது ஒப்பந்தத்துக்கு விரோதம், சார். கார்டை ரத்து செய்வோம். கம்பெனி முத்திரை இருப்பதால் உங்கள் மானேஜரிடமும் நாங்கள் விசாரிக்க வேண்டும். நீங்கள் கொடுக்கவில்லை என்றால் சொல்லுங்கள், அங்கே போலீஸ் பார்த்துக்கொள்ளும்.”

உள்ளேயிருந்து மானேஜர் தலையைத் தூக்கினார். “ஆர்தர், யார் போனில்? எனக்கா?”

ஆர்தர் கண்முன் அய்யாவு வந்து நின்றான். அய்யாவு சின்னக் கிராணியாக இருந்தவன். மூன்று மாதத்துக்கு முன்னால், தன் மச்சான் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகத் தோட்டத்துத் தாளில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தான். முத்திரையும் குத்தினான். விஷயம் தெரிந்ததும் மானேஜர் அவனை ஒரே நாளில் வெளியே அனுப்பினார். வேலை போனது, குவார்ட்டர்ஸ் போனது. அந்த நீக்கக் கடிதத்தை அடித்தது யார்? நம் ஆர்தர்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தார். தமக்கும் அதே சட்டம்தான் என்பது சொந்தக் கடிதத்தை அடிக்கும்போது அவருக்கு உறைக்கவே இல்லை. பெரிய கிராணி இல்லையா!

“மிஸ்டர் ஆர்தர்? லைனில் இருக்கிறீர்களா?”

ஒரு வார்த்தை. ஆமாம், நான்தான் கொடுத்தேன், அவர் மகள் சாகக் கிடக்கிறாள், டிக்கெட்டைக் கொடுங்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? மானேஜர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது” என்றார் ஆர்தர். “என் கார்டு காணாமல் போய்விட்டது.”

“கடிதம்?”

“அப்படி ஒரு கடிதம் நான் எழுதவில்லை.”

அந்தப் பெண் நன்றி சொல்லி, அவர் சொன்னதைத் திரும்பப் படித்துக்காட்டி, சரிதானே என்று கேட்டாள். சரிதான் என்றார். வைத்துவிட்டார். மானேஜரிடம், பேங்கிலிருந்து சும்மா ஏதோ விசாரிக்கிறார்கள் என்றார். மானேஜர் மறுபடியும் தாளில் குனிந்துகொண்டார்.

உட்கார்ந்து தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டார். என்ன செய்துவிடுவான்? கார்டைப் பிடுங்கிக்கொண்டு போ என்பான். கையில் டாலர் இருக்கிறது, பஸ் பிடித்துப் போய்க்கொள்வார். ஆம்பிளைதானே. மத்தியானம் வீட்டுக்குப் போய் மரியா போட்ட கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டார். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குற்றம் செய்தவனுக்குச் சோறு இறங்காது என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இறங்கியது. நன்றாகவே இறங்கியது.

மாலையில் பிரிஜெட் பஸ் ஏறி வந்தாள்.

“அண்ணே, ஏதும் தகவல் உண்டா?”

“இந்நேரம் போய்ச் சேந்திருப்பாரும்மா. அங்க போனு கெடைக்கறது சுசா, லேசுல கெடைக்காது. நீ போயி ஜெபம் பண்ணு.”

ஆனால் அங்கே ஏசுதாசனைக் கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பவில்லை. திருட்டு, கள்ளக் கையெழுத்து என்று இரண்டு வழக்கு எழுதி, கையில் விலங்கு மாட்டி, உள்ளே வைத்துவிட்டார்கள். டாட்டர், ஆஸ்பிட்டல், டாட்டர், ஆஸ்பிட்டல் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜரீனா கூப்பிட்டாள். குரலே குரலாக இல்லை.

“அங்கிள், கேத்தியோட அப்பா எங்க? நேத்தே வந்திருக்கணும்ல? இன்னும் வரலியே அங்கிள்.”

“வருவாரும்மா. ப்ளைட் லேட்டா இருக்கும்.”

“அவ கண்ணு முழிச்சா அங்கிள். இன்னைக்கு மத்தியானம். ஒரு மணி நேரம் நல்லா முழிச்சிருந்தா. வாயில குழாய் இருக்கு, பேச முடியல. என் உள்ளங்கையில விரலால எழுதுனா. அப்பான்னு எழுதுனா. வந்துகிட்டே இருக்காருடின்னு சொன்னேன். கதவையே பாத்துகிட்டு இருந்தா. டாக்டரு இனிமே ரொம்ப நேரம் இல்லேங்கறாரு. தோலோங் லா அங்கிள், ஒதவி பண்ணுங்க, அவரு எங்கன்னு கொஞ்சம் பாருங்க.”

ஆர்தர் தொலைபேசியை வைத்தார். கேதரினை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்திக்கொண்டு போனவர் அவர்தான். அவர்தான் ஞானத்தகப்பன். இரண்டு நிமிஷம் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பொய் அழுகை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கோலாலம்பூர் எண்ணைச் சுழற்றினார்.

மானேஜர் அப்போது அறையில் இல்லை. மலைக்காட்டுப் பக்கம் மரம் பார்க்கப் போயிருந்தார். ஆபீசில் ஒரு ஈ காக்கை இல்லை. உண்மையைச் சொல்வதற்கு அதைவிடத் தோதான நேரம் ஒரு மனுஷனுக்குக் கிடைக்குமா? அதே பெண்தான் எடுத்தாள். கார்டோடு பிடிபட்ட ஆளை விட்டுவிட முடியுமா என்று கேட்டார். நேற்று தெரியாது என்றீர்களே சார், நீங்கள் சொன்னதை நாங்கள் அப்படியே அனுப்பிவிட்டோமே என்றாள். உடனே மனுஷனுக்கு மறுபடியும் வழக்கமான புத்தி வந்துவிட்டது. நேற்று சொன்னது பொய் என்றால் அதற்கும் ஒரு கேள்வி வருமே.

“அவர் என் தங்கையின் கணவர்தான். இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கடிதத்தையும் அவரே தயார் செய்திருப்பார். குடும்ப விஷயம், நான் வழக்கு எதுவும் போட விரும்பவில்லை. தயவு செய்து விட்டுவிடச் சொல்லுங்கள்.”

“உங்களுக்கு நல்ல மனசு, சார்” என்றாள் அந்தப் பெண்.

அட நாசமாய்ப் போன மனுஷா! அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு ஒரு நொடி, ஒரே நொடிதான், தாம் யாரையோ மன்னித்துவிட்ட மாதிரியே இருந்தது.

தகவல் போய்ச் சேர்ந்து, அங்கே ஒருவன் எழுதி இன்னொருவன் கையெழுத்துப் போட்டு, ஏசுதாசனை வெளியே விடுவதற்கு அங்கே புதன்கிழமை காலை பத்து மணியாகிவிட்டது. ஜெயிலில் வேலை செய்த ஒரு மெக்சிகோ நாட்டுக் கிழவர் அவரைத் தம் காரில் பஸ் நிலையத்துக்கோ விமானத்துக்கோ எங்கே வேண்டுமானாலும் விடுகிறேன் என்று கூட்டிப் போய், தம் கைக்காசு கொஞ்சம் போட்டு விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஆள். ஒரு கடுதாசியும் கேட்கவில்லை. ஏசுதாசன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி எட்டு. கேதரின் போனது அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு.

இங்கே வியாழக்கிழமை காலையில் ஜரீனா ஆபீசுக்கு அந்தச் செய்தியைச் சொன்னாள். ஆர்தர் தம் காரை எடுத்துக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போனார். பிரிஜெட் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பாவப் பாத்தாளா அண்ணே?”

“பாத்தாம்மா. அவரு மடியிலதான் போனா.”

பிரிஜெட் சிலுவை போட்டுக்கொண்டாள். “அது போதும்ண்ணே” என்றாள். அடுத்த இரண்டு வாரமும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் அதைத்தான் சொன்னாள். அப்பா மடியில போனா. எங்க அண்ணன் கார்டு குடுத்து அனுப்பலேன்னா அதுகூடக் கெடச்சிருக்காது.

ஆர்தர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கட்டத்தில் அவருக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது.

உடலைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே, பனியைத் தோண்டி, அடக்கம் செய்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்களாம். ஏசுதாசன் இருபதாம் நாள் திரும்பி வந்தார். இரவல் கோட்டு இப்போது இன்னும் கொஞ்சம் தொங்கியது. மறுநாள் சாயங்காலம் வீட்டில் ஜெபம். கோயில் உபதேசியார் வந்திருந்தார். பாய்லர் கூட்டாளிகள், அக்கம்பக்கத்துப் பெண்கள், தோட்டத்திலிருந்து லாரியில் வந்தவர்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. ஹனீபாவும் வந்து வாசலோரம் நின்றார். ஜெபம் முடிந்து பால் கலக்காத தே-ஓ கொடுத்தார்கள். பிரிஜெட் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவர் படுத்தே கிடந்ததால் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

“ஏங்க, உங்களப் பாத்து என்ன செஞ்சா? கண்ணத் தொறந்தாளா?”

ஏசுதாசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “யாரு?”

“கேத்திதான். உங்க மடியில…”

“நான் எங்க பாத்தேன்? நான் போனப்ப மூடி வெச்சிருந்தாங்க. என்னைத்தான் போலீசுல புடிச்சு வெச்சுட்டானுங்களே. ரெண்டு நாளு. உனக்கு யாரும் சொல்லலியா?”

பிரிஜெட் அண்ணன் பக்கம் திரும்பினாள். ஆர்தர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுதாசன்தான் பேசினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

“விலங்கு மாட்டுனானுங்க மச்சான். இந்தக் கையில. நான் திருடுனேனாம். உங்க கையெழுத்த நான் போட்டேனாம். தமிழ்ப் பையன் ஒருத்தன போன்ல புடிச்சுக் குடுத்தானுங்க, சிலோன்காரப் பையன். அவன் சொல்றான், ஐயா, கார்டுக்குச் சொந்தக்காரரே காணாமப் போச்சுன்னு சொல்லிட்டாராம்னு. நான் கத்துனேன். டேய், எங்க மச்சான ஒங்களுக்குத் தெரியாதுடா, அவரு அப்படிச் சொல்லவே மாட்டாருடா, வேற யாரையோ கேட்டுட்டு வந்து பொய் சொல்றீங்கடான்னு கத்துனேன். ராத்திரி பூரா கத்துனேன்.”

சட்டைப் பைக்குள் கை விட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். போலீஸ் முத்திரை போட்ட தாள். விடும்போது கொடுத்தது.

“இதுல எல்லாம் எழுதியிருக்குன்னான். எனக்கு என்ன தெரியும்? மச்சான், நீங்க படிச்சு இவங்களுக்குச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்பவே படிங்க. ஆலையில சில பேரு, ஏசுதாசு அமெரிக்காவுல போயித் திருடி மாட்டிகிட்டான்னு பேசறானுங்களாம். நான் திருடன் இல்லன்னு அவங்க காதுல விழட்டும்.”

ஆர்தர் தாளை வாங்கிப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். பதினைந்து வரிதான் இருக்கும். கடைசி மூன்று வரியில் அவர் பெயர் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என்ன வேண்டுமானாலும் படிக்கலாம்.

“பேங்க்காரன் தப்பு பண்ணிட்டான்னு போட்டிருக்கு, மாப்ளே…” என்று தொடங்கினார்.

“அண்ணே” என்றாள் பிரிஜெட். “அதுல இருக்கறதப் படிங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணை மட்டும் அவர் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. ஆர்தருக்குப் பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு முன்னால் அதை வெளியே தள்ள அவருக்குத் தெம்பில்லை. ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

“கார்டின் உரிமையாளர் ஆர்தர் என்பவர், அந்தக் கடிதத்தைத் தாம் எழுதவில்லை என்று தெரிவித்தார். மறுநாள், தம் மைத்துனர் ஏசுதாசன் தமக்குத் தெரியாமல் கார்டை எடுத்துச் சென்று, கடிதத்தையும் அவரே தயாரித்திருக்கிறார் என்று தெரிவித்தார். குடும்ப விஷயம் என்பதால் வழக்கு வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கைதி விடுவிக்கப்படுகிறார்.”

வாசலோரம் நின்ற ஹனீபா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். உபதேசியார் ஜெபப் புத்தகத்தை மூடினார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி ஆண்டவரே என்றாள்.

ஏசுதாசன் மட்டும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. குழந்தை தப்பாகக் கூட்டிவிட்ட கணக்கைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

“இல்ல மச்சான், நீங்க எங்கியோ தப்பா படிக்கிறீங்க. அப்படி இருக்காது. இன்னொரு வாட்டி படிங்க.”

ஆர்தர் இன்னொரு தடவை படித்தார். அதேதான் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். கடைசி வரிக்கு வரும்போது கண்ணாடி நனைந்து எழுத்துக் கலங்கியது.

“கண்ணாடி சரியில்லையோ என்னமோ” என்றார் ஏசுதாசன். “ஆளு வேற பேரா இருக்கும். நல்லாப் பாருங்க மச்சான்.”

“மாப்ளே, நான்தான்… என்னைய மன்னிச்சு…” என்று ஆர்தர் தாளை மடிக்கப் போனார்.

பிரிஜெட் எட்டி அந்தத் தாளைப் பிடித்தாள். மடித்த ஓரத்தைத் தன் கையாலேயே விரித்து, நீவி, மறுபடியும் அவர் முகத்துக்கு நேராக வைத்தாள்.

“அவரு கேக்கறாருல்ல? படிங்கண்ணே. அவரு நம்பற வரைக்கும் படிங்க.”

ஆர்தர் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.